கல்வெட்டின் அடியில் ஒரு வரி

பிரிக்ஃபீல்ட்ஸ்,
8 நவம்பர் 1998.

அன்புள்ள யோகனுக்கு,

மெல்பர்னில் நீர் சுகமாக இருப்பீர் என்ற எண்ணத்தோடு சின்னம்மா எழுதுகிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் அது கூடத்தில் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் உம்முடைய அம்மா, என் அக்கா, இருக்கிறாள்.

உம் அப்பாவுக்கு, அத்தானுக்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. உமக்கு மறுபடி விடுப்புக் கிடைக்காததால் வீரசிங்கம் சித்தப்பாவே கிரியைகளைச் செய்தார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, ஆனாலும் யாரும் சாப்பிடாமல் போகவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

அன்று வந்தவர்களுக்குக் கொடுக்க அச்சடித்த கல்வெட்டுப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அத்தானின் வரலாற்றை நான் எழுதி, தேவாரங்களையும் சேர்த்து, கணினியில் அடித்துக் கொடுத்தேன். கிள்ளானில் கிஃபாயத்துல்லா அச்சடித்துத் தன் வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார். வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் ஒருவருக்கொருவர் புத்தகத்தைக் காட்டிக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் ஒரு பிரதியைப் பிரித்தேன். முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் எழுதாத ஒரு வரி: ‘இன்றே வாங்கி மகிழுங்கள் – விக்டரி தமிழ்.’ அத்தானின் படத்துக்குக் கீழேயும் அதே வரி.

கொடுத்த புத்தகத்தை ஒவ்வொருவர் கையிலிருந்தும் திரும்ப வாங்கினோம். செத்த வீட்டில் அப்படி ஒரு வேலையை இதற்குமுன் யாரும் செய்திருக்கமாட்டார்கள்.

கிஃபாயத்துல்லா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஆங்கில மென்பொருளுக்குள் தமிழ் அடிப்பதற்கு நீர் எழுதிக் கொடுத்த ‘புனிதா’தான் அவர் கடையில் இத்தனை வருடமும் ஓடுகிறது. போன மாதம் தபாலில் ஒரு டிஸ்க் வந்ததாம். ‘புனிதாவின் புதிய பதிப்பு, பெயர் மட்டுமே மாறுகிறது’ என்று உறையில் இருந்ததாம். காசு கட்டி வாங்கும்வரை அது மாதிரிப் பதிப்புத்தானாம்; திரையில் அந்த விளம்பர வரி தெரிவதில்லை, அச்சில்தான் வருகிறது. முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை ஓடவிட்டிருக்கிறார். “வேற யாரு டிஸ்க் கொடுத்தாலும் நாலு தடவ டெஸ்ட் பண்ணாம மெஷின்ல போடமாட்டேன் லா, அக்கா. இது தம்பியோடதுன்னு கண்ண மூடிக்கிட்டுப் போட்டேன்” என்றார். பழைய டிஸ்கைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்துக் கொடுத்துவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

அக்கா அழவில்லை. அவர் கொண்டுவந்து காட்டிய டிஸ்க் உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்ர பேர் எங்க போயிட்டுது?” என்று மட்டும் கேட்டாள். அவள் பெயரைத்தானே நீர் அதற்கு வைத்தீர். காப்பார் பள்ளிக்கூடத்திலிருந்தும் சுங்கை வே கோயிலிலிருந்தும் ‘புனிதா’ வேலை செய்யவில்லை என்று வீட்டுக்குக் கூப்பிடுவார்களே, நினைவிருக்கிறதா? கணினியைத் தொட்டறியாத அவள், “எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ தம்பி” என்பாள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகியும்விடும். இப்போது, “பிள்ளையின்ர சாமானை ஆரோ களவெடுத்திட்டாங்கள். அவன் கேட்டா உடைஞ்சு போவான், நீ பக்குவமாச் சொல்லு” என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நானும் களவு என்றே நினைத்துத்தான் உறையில் இருந்த எண்ணைப் பார்த்து ‘விக்டரி தமிழ்’ நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். “மிஸ்டர் யோகநாதன்தானே வித்தாரு, ஆன்ட்டி. ஆகஸ்ட்லயே சைன் பண்ணிட்டாரு. கஸ்டமர் அட்ரஸ் எல்லாம் அவர்தான் கொடுத்தாரு. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யார் சொல்வதையும் எளிதில் நம்புகிற ஆள் நான் இல்லை என்பது உமக்குத் தெரியும். உம்மை மட்டும் சோதித்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஆகஸ்டில் விற்றிருக்கிறீர். அக்டோபரில் அத்தானுக்குக் கொள்ளி வைக்க வந்தீர். அன்று வாசலில் கிஃபாயத்துல்லா உம் தோளைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வெர்ஷன் எப்போது தம்பி என்று கேட்டார். “வரும் அண்ணே” என்றீர். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

விற்றது தவறு என்று எழுதவில்லை. நீர் செய்த பொருள், உமக்கு என்ன நெருக்கடியோ. ஆனால் அந்த முகவரிகளில் இருப்பவர்கள் உம்மை நம்பித் தந்தவர்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வரும் இருபத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்ச் சங்கக் கூட்டம். தன் பிள்ளையின் உழைப்பைத் திருடிவிட்டார்கள் என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லப்போகிறாள் உம் அம்மா. மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள், இரண்டு நாளாக என்னிடம் சொல்லிப் பார்க்கிறாள். கூட்டத்துக்குத் தங்கள் மென்பொருளைக் காட்ட அந்த நிறுவனத்து ஆட்களும் வருகிறார்கள். அவர்கள் எழுந்து என்ன பதில் சொல்வார்கள் என்று உமக்குத் தெரியும்.

நான் அவளிடம் சொல்லமாட்டேன். அதை அவள் உம் வாயால் கேட்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடும். எடுத்தவுடன் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டாம்.

கடவுள் உமக்குத் துணையிருக்கட்டும்.

அன்புடன்,
சின்னம்மா இராசேஸ்வரி