கையால் கூப்பிடும் பெயர்

இன்று மந்தைவெளியில் யாரோ தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றுவிட்டேன். உன் கடை பூட்டிக் கிடக்கிறது. எனக்குக் கால் வலி. இனி யாரைக் கிண்டல் பண்ணி இந்த அலுப்பைப் போக்குவது, சொல்லு தையக்காரி.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கழுத்தில் தொங்கும் காது மிஷின் வெளியே தெரியாதபடி கவுனுக்கு உள்பக்கம் ஒரு பை வைக்கச் சொல்லத்தான் உன்னிடம் வந்தேன். நீ உன் காதைத் தொட்டுக் கையை விரித்தாய்.

"செத்தேன் போ! உனுக்கும் கேக்காதா? இன்னா பொருத்தம்டீ!"

என் உதட்டைப் பார்த்தே நீ சிரித்தாய். மகள் சிரிக்கவில்லை. அவள் பள்ளியில் காது கேட்காதவர்கள் எல்லாம் பிள்ளைகள், டீச்சர்களுக்கெல்லாம் கேட்கும். விழுந்த பல் முளைக்கிற மாதிரி, வளர்ந்தால் தனக்கும் காது வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். எனக்கு எங்கே தெரியும்? உன் நரையைக் காட்டி, காதைக் காட்டி, 'இன்னுமா கேட்கவில்லை?' என்று கையால் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாய்.

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "கொழந்தகிட்ட போயி உண்மைய சொல்லிக்கினு கீறா பாரு" என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் அவளேதான் என்னை உன் கடைக்கு இழுத்து வந்தாள். பையை நீ கவுனுக்கு வெளியே, சிவப்புத் துணியில் தைத்து வைத்திருந்தாய். "உள்ள தானடீ வெக்கச் சொன்னேன்!" என்று குதித்தேன். நீ கண்டுகொள்ளவில்லை. அவள் கன்னக்குழியில் விரல் வைத்துத் திருகினாய். கைப்பேச்சில் இனி அது அவள் பெயர். பிறகு என்னைக் காட்டி, விரல்களைக் கட்டைவிரலோடு, ஓயாத வாய் மாதிரி லபலபவென்று அடித்தாய். அது என் பெயராம்! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வாயில் வராத தன் பெயரை விட்டுவிட்டு, வழியெல்லாம் கன்னத்தைத் திருகிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

போன வாரம் உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த அன்று உன் ஆட்கள் எத்தனை பேர்! எல்லாம் கைப்பேச்சு. ஒரு பெரியவர் என்னைக் காட்டி யாரென்று கேட்டார். மகள் தன் கன்னத்தைத் திருகினாள். அப்புறம் விரல்களை லபலபவென்று அடித்தாள். அழுதுகொண்டிருந்த அத்தனை முகமும் சிரித்தது. பாவி, ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பேசி வைத்திருக்கிறாய்.

பள்ளியில் பாடுபட்டுச் சொல்லிக் கொடுத்த 'அம்மா' பள்ளியோடு சரி. வீட்டில் என்னைக் கூப்பிட அவள் விளக்கைப் போட்டு அணைக்கிறாள். திரும்பினால், நீ வைத்த பெயர். முடியாவிட்டாலும் எழுந்து போகிறேன்.