என் மனைவி போகாத இங்கிலாந்துக் கிராமம்

அனுப்புநர்:
வீரக்குட்டி அன்புராசா,
வீடு 1914, வெலஸ்லி வீதி கிழக்கு,
சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ.

பெறுநர்:
மீளாய்வு அதிகாரி அவர்கள்,
குடும்ப இணைப்பு விண்ணப்பப் பிரிவு,
ரொறன்ரோ.

பொருள்: என் மனைவி திருமதி கோணேஸ்வரி அன்புராசா இங்கிலாந்தில் வசித்ததை மறைத்தார் என்று கூறி, அவருடைய விண்ணப்பமும் மகள் தேனுகாவின் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டமை தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆங்கிலம் அறியாதவன் அல்லன் நான். மட்டக்களப்பில் நீண்ட காலம் புவியியல் ஆசிரியராக இருந்தவன். இவ்விடயம் குறித்து உங்கள் அலுவலகத்துக்கு முன்னர் எழுதிய கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருந்தன. அவற்றுக்குக் கிடைத்த பதில், கடிதம் கிடைத்தது என்பது மட்டுமே. என் மனைவியின் வாக்குமூலம் ஒரு மொழிபெயர்ப்பாளர் வழியாகவே கோப்பில் ஏறியது. என்னுடையதும் அவ்வழியே ஏறட்டும். மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்கும் சிரமத்தை இம்முறை அலுவலகம் ஏற்றுக்கொள்ளட்டும்.

2. நான் 1989ஆம் ஆண்டு தனியாக இந்நாட்டுக்கு வந்தேன். அப்போது மகளுக்கு ஆறு வயது. நிரந்தர வதிவுரிமை கிடைத்தவுடன் மனைவியையும் மகளையும் அழைப்பதற்கு விண்ணப்பித்தேன். அவர்கள் இருவரும் இன்று கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜின் அறையில், வேறு இரண்டு குடும்பங்களோடு, உங்கள் பதிலுக்காக இருக்கிறார்கள். நான் பகலில் பே வீதியில் ஒரு கட்டடத்தின் வாசலில் காவலாளியாக நிற்கிறேன். உள்ளே போகிறவர்களின் அடையாள அட்டையைப் பார்ப்பது என் தொழில். ஆகவே ஒருவரை ஐயுற்றுப் பார்ப்பது எப்படி என்பது எனக்கும் ஓரளவு தெரியும்.

3. எங்கள் திருமணம் உண்மையானது என்று காட்டுவதற்குப் பழைய புகைப்படங்கள் கேட்கப்பட்டன. பார்லிமென்ற் வீதியில் ஒரு கடைக்கு மேலே குடிவரவு ஆலோசகர் என்று பலகை மாட்டியிருக்கும் திரு. நவரட்ணம் அவர்களிடம், கையில் இருந்த எல்லாப் படங்களையும் கொண்டுபோனேன். வீட்டு முற்றத்தில் எடுத்தவற்றை அவர் ஒதுக்கிவிட்டார். ஸ்ரூடியோவில் எடுத்த மூன்றை மட்டும் தெரிந்தெடுத்து, "அண்ணை, உதுகளைக் குடுப்பம். நல்ல வடிவாய்க் கிடக்கு. வெள்ளைக்காரர் பாத்தால் தங்கட ஊர் மாதிரி இருக்கும், பிடிக்கும்" என்றார். அவர்களுக்குப் பிடித்துத்தான் போயிற்று. நிராகரிப்புக் கடிதத்தை அவரிடம் காட்டியபோது, "உது உங்கட பிழை அண்ணை, இங்கிலாந்துக்கு முன்னால ஏன் நிண்டனீங்கள்" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை.

4. ஏன் நின்றோம் என்பதற்கு விடை இது. மட்டக்களப்பு நகரில் யோசப் என்பவர் ஸ்ரூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பதற்குப் பின்னால் தொங்கவிட அவரிடம் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் தாஜ்மஹால். மற்றையதில் இங்கிலாந்துக் கிராமம் ஒன்று: தேவாலயம், மாவரைக்கும் ஆலை, ஆறு, கற்பாலம், பாலத்தருகே ஒரு குதிரை வண்டி. இரண்டையும் அவரே வரைந்தார். 1974இல் நாங்கள் திருமணக் கோலத்தில் போனபோது தாஜ்மஹாலைக் கேட்டவன் நான். யோசப் மறுத்துவிட்டார். "மாஸ்டர், அது பொஞ்சாதியப் புதைச்ச இடம். கலியாணச் சோடி ஒண்டும் அதுக்கு முன்னுக்கு நிக்கிறதில்ல. வாங்க, இங்கிலாந்தில நிண்டு எடுப்பம்" என்றார். மட்டக்களப்பில் அக்காலத்தில் மணம் முடித்தவர்களில் ஏராளமானோர் இதே காரணத்தால் இதே பாலத்தின் முன் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எவரும் உங்களிடம் விண்ணப்பிக்காதிருப்பது அவர்களுடைய நல்ல காலம்.

5. கொழும்பில் என் மனைவியை நேர்கண்ட அதிகாரியின் குறிப்புகளை நான் விண்ணப்பித்துப் பெற்றிருக்கிறேன். அவற்றில் உள்ளதை அப்படியே தருகிறேன்: "படங்களில் காணப்படுவது தென் இங்கிலாந்தில் உள்ள வின்டில்போர்ட் கிராமம். என் தாயாரின் சொந்த ஊர் அதற்கு அண்மையிலேயே உள்ளது. இக்காட்சியைச் சிறுவயது முதல் நான் அறிவேன். விண்ணப்பதாரர் இங்கிலாந்தில் இருந்ததைப் படிவத்தில் குறிப்பிடவில்லை. கேட்டபோது, அது துணியில் வரைந்த படம் என்றார். நம்பத்தக்கதாக இல்லை."

6. என் மனைவி இதைத் தொலைபேசியில் இவ்வாறு சொன்னார்: "திரை எண்டு எத்தின தரம் சொல்லிற்றன் தெரியுமா. அவர் படத்தப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறார். கோபமான சிரிப்பு இல்லங்க, ஊருக்குப் போன மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கே பாவமாப் போயிற்று." நான் பாவம் பார்க்கும் நிலையில் இல்லை.

7. மூன்று படங்களும் 1974, 1979, 1984 ஆகிய ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. முதலாவது எங்கள் திருமணம், இரண்டாவது என் பதவி உயர்வு, மூன்றாவது மகளின் முதலாவது பிறந்தநாள். மூன்றும் ஒரே திரைக்கு முன்னால் எடுக்கப்பட்டவை என்பதை அறிய நிபுணர் தேவையில்லை. பாலத்தருகே நிற்கும் அந்தக் குதிரை வண்டியைப் பார்த்தால் போதும். 1974இல் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது. 1984இலும் அதே காலைத் தூக்கியபடியே நிற்கிறது. பத்து ஆண்டுகளாகியும் அந்த வண்டி பாலத்தைக் கடக்கவில்லை. இதைக் கண்ட அதிகாரி எழுதியது: குடும்பம் குறைந்தது மூன்று முறை அங்கு சென்றுள்ளது. பிந்திய இரண்டு படங்களிலும் வானத்தில் கருமை படர்ந்திருப்பதால் அவை மழைக்காலத்தில் எடுக்கப்பட்டவை என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கருமை, 1978 சூறாவளியில் ஸ்ரூடியோவின் கூரை பறந்தபோது திரையில் ஊறிய மழைநீர். மழை என்பது சரி, ஊர்தான் வேறு.

8. இதன் பின்னர் இங்கிலாந்துப் பொலிசாரிடம் நற்சான்றுப் பத்திரம் பெற்று வருமாறு என் மனைவி பணிக்கப்பட்டார். அவரைப் பற்றி எந்தப் பதிவும் தங்களிடம் இல்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. போகாத ஒருவரைப் பற்றி வேறு என்ன பதில் வரும்? ஆனால், பதிவு இல்லாத காரணத்தால் அவர் வேறு பெயரில் நுழைந்திருக்கலாம் என்று கோப்பில் சேர்க்கப்பட்டது. போயிருந்தால் குற்றம், போகாவிட்டால் அதனினும் பெரிய குற்றம் என்ற இந்த ஏற்பாட்டிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. இந்த அடுக்குமாடியில் எங்கள் ஆட்களிடையே கதை வேறு விதமாகப் பரவிவிட்டது. மாடியிலிருந்து இறங்கும்போது லிப்ற்றில் யோகராணி என்ற பெண், "அன்ரி முந்தி லண்டனில இருந்தவவாம், ஏன் அங்கிள் அதை விட்டிட்டு வந்தவ?" என்று கேட்டார். நான் பத்தொன்பது மாடியும் எண்களை எண்ணிக்கொண்டு இறங்கினேன்.

9. அடுத்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. கோப்பில் இருப்பதால் எழுதுகிறேன். "1990இல் விண்ணப்பதாரர் அங்கு அகதியாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தங்கியதை ஒப்புக்கொண்டார்" என்று குறிப்பு உள்ளது. என் மனைவி ஒப்புக்கொண்டது பின்வருவது. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒரு பாடசாலையில் அடைக்கலம் புகுந்தார்கள். வகுப்பறைகளுக்குக் கதவு இல்லை. பெண்கள் உடுப்பு மாற்ற மறைப்பு இல்லை. யோசப் தன் ஸ்ரூடியோவிலிருந்து தப்பிய அந்த ஒரு திரையைச் சுருட்டித் தோளில் சுமந்துவந்து, வகுப்பறையின் குறுக்கே கட்டிவிட்டார். என் மனைவியும் மகளும் மற்றப் பெண்களும் இரண்டு கிழமையளவில் அத்திரைக்குப் பின்னால் இருந்தார்கள். அப்போது ஏழு வயதான தேனுகா, படுக்கும்போது துணியின் பின்பக்கத்தால் தெரிந்த பாலத்தைப் பார்த்து, வண்டி அந்தப் பக்கம் போகிறதா இந்தப் பக்கம் வருகிறதா என்று தாயிடம் கேட்டிருக்கிறாள். ஒரு மாலை வெளியே சென்ற யோசப் திரும்பி வரவில்லை. அதன் பிறகு திரை என்னவாயிற்று என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே திரையை ஆதாரமாகக் கொண்டுவருமாறு என் மனைவியைப் பணித்த உங்கள் கடிதத்துக்கு இதுவே என் பதில். என் மனைவி இவ்வளவையும் அழாமல் சொன்னாராம். அழாமல் சொன்னது அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம்.

10. என் சொல்லும் என் மனைவியின் சொல்லும் போதாதிருப்பதால் ஆங்கிலேயர்களின் சொல்லைத் தேடிப் போனேன். யங் வீதியில் உள்ள பெரிய நூலகத்தில், இங்கிலாந்துக் கிராமங்களையும் சிறு நகரங்களையும் பற்றிய நூல்கள் ஒரு சுவர் நிறைய இருக்கின்றன. பழைய படங்களும் அவ்வவ் ஊரவர்களின் நினைவுகளும் கொண்டவை. எனக்குக் கிடைத்த சனிக்கிழமைகள் எல்லாம் அங்கேயே கழிந்தன. எந்த ஊரில் எந்த வெதுப்பகத்தில் சுட்ட பாண் நன்றாக இருந்தது, எவருடைய நாய் தேவாலயத்துக்கு ஒழுங்காக வந்தது என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். என் மகள் எந்தப் பாடத்தில் கெட்டிக்காரி என்பது எனக்குச் சரியாகத் தெரியாது.

11. வின்டில்போர்ட் பற்றியும் ஒரு நூல் இருக்கிறது. அதன் முற்பகுதியில் அதே காட்சி உள்ளது. 1902இல் வரையப்பட்டது என்றும், பிற்காலத்தில் நாட்காட்டிகளிலும் பிஸ்கற் அடைக்கும் தகர ரின்களின் மூடியிலும் அச்சிடப்பட்டு உலகெங்கும் போனது என்றும் அதன் கீழ் எழுதியிருக்கிறது. யோசப்புக்கு வழிகாட்டியது அந்த ரின் மூடிதான். அதிகாரி அவர்கள் சிறுவயது முதல் அறிந்ததும் அனேகமாக அதே மூடியாகத்தான் இருக்க வேண்டும். அந்நூலில் ஒரு மூதாட்டி, 1911இல் ஆலை எரிந்த கதையைச் சொல்கிறார். தகப்பன் தன்னைத் தோளில் தூக்கிச் சென்று காட்டியதாகவும், ஊர் முழுவதும் ஒரு கிழமை கருகிய பாண் மணத்ததாகவும் சொல்கிறார். ஆலை மீண்டும் கட்டப்படவில்லை. என் மனைவி பிறந்ததே 1951இல். தான் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே எரிந்துபோன ஆலையின் முன்னால் அவர் நிற்க முடியாது என்பதை அலுவலகம் ஏற்கும் என நம்புகிறேன். அப்பக்கங்களின் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

12. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மூதாட்டியிடம் எவரும் அத்தாட்சி கேட்கவில்லை. அவர் சொன்னதை அச்சிட்டு, தடித்த அட்டை போட்டு, கடல் கடத்தி இந்த நகரத்துச் சுவரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் மனைவியும் தன் ஊரில் ஓர் ஆலை எரிந்ததற்குக் குறையாத ஒன்றைத்தான் சொன்னார். அதற்குக் கிடைத்தது, நம்பத்தக்கதாக இல்லை என்ற ஒரு வரி. மூதாட்டி மீது எனக்கு மனக்குறை இல்லை. அவர் உண்மையையே சொல்லியிருக்கிறார்.

13. இன்னொரு சான்று. மூன்று படங்களிலும் ஆற்றங்கரையில் ஒரு மாடு மேய்கிறது. மூல ஓவியத்தில் அந்த மாடு இல்லை. வெறுமையாகக் கிடந்த கரையில் யோசப் தாமாகவே அதைச் சேர்த்திருக்கிறார். அந்த மாட்டுக்குத் திமில் இருக்கிறது. இங்கிலாந்துக் கிராமத்து ஆற்றங்கரையில் திமில் உள்ள மாடு மேய்வதில்லை. அதிகாரி அவர்களின் தாயாரையே கேட்டுப் பார்க்கலாம்.

14. ஆகையால், அந்த நிராகரிப்பை நீக்கி, இருவருடைய விண்ணப்பத்தையும் மீண்டும் எடுத்துப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுபடியும் நேர்காணல் அவசியமெனில், என் மனைவியிடம் வின்டில்போர்ட் பற்றிக் கேட்க வேண்டாம். அவர் இனியும் அதைத் திரை என்றுதான் சொல்வார். அவ்வூரைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் என்னைக் கேளுங்கள். நான் படித்து வைத்திருக்கிறேன்.

15. மீள்பரிசீலனைக்கு மகளின் புதிய புகைப்படம் இத்துடன் உள்ளது. வெள்ளைத் துணிக்கு முன்னால் மட்டும் நின்று எடுக்குமாறு கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கடவுச்சீட்டு அளவில் அப்படி ஒன்றும், தன் விருப்பத்துக்கு இன்னொன்றுமாக அனுப்பியிருக்கிறாள். தொலைபேசியில் கண்டித்தபோது, "அப்பா, வெள்ளையில எடுத்தா ஆஸ்பத்திரியில நிக்கிற மாதிரி இருக்கு. மற்றது உங்களுக்கு" என்றாள். கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோக்காரர்கள் இப்போது இங்கிலாந்தை வைத்திருப்பதில்லை. இரண்டாவது படத்தில் அவளுக்குப் பின்னால் நீல நிற ஏரியும், ரொறன்ரோவின் உயர்ந்த கோபுரமும் இருக்கின்றன. அது திரை. எதையும் மறைத்ததாக மீண்டும் எழுதப்படாதிருக்க அதையும் அனுப்புகிறேன். அதைப் பார்த்து, என் மகள் ஏற்கெனவே இங்கு வந்துவிட்டாள் என்று தயவுசெய்து கோப்பை மூடிவிட வேண்டாம். இந்தக் கோபுரத்தை நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிறேன். அதன் கீழே அவள் இல்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்து, சலிப்புடனும் மரியாதையுடனும்,

(ஒப்பம்)
வீ. அன்புராசா

இடம்: ரொறன்ரோ
திகதி: 14 மார்ச் 1997

இணைப்பு: புகைப்படப் பிரதிகள் மூன்று; நூற்பக்கங்களின் பிரதி; மகளின் புகைப்படங்கள் இரண்டு. பார்த்த பின், கோபுரத்துக்கு முன்னால் நிற்கும் படத்தை மட்டும் திருப்பி அனுப்பவும்.