மாங்குழியில் போட்ட முடி

என் ஆசை மாமா,

நீங்கள் கட்டிக்கொண்டவள்தான் எழுதுகிறேன். சண்டை போட ஆளில்லாமல் அங்கே நிம்மதியாகத்தான் இருப்பீர்கள். இங்கே நான் செய்துவைத்த காரியத்தைக் கேளுங்கள்.

நீங்கள் வேண்டிக்கொண்டபடி நம் தேவிக்குத் திருமலையில் மொட்டை போட்டேன். கத்தி இரண்டு இடத்தில் கீறிவிட்டது, சந்தனம் பூசிக் கூட்டிவந்தேன். மறுவாரமே மாமரத்துக்கு உரம் வைக்கிற வேலை. புத்தூர் சலூன்களிலிருந்து நீங்கள் மூட்டை மூட்டையாக முடி அள்ளிவந்து மரத்தடிக் குழியில் புதைப்பீர்களே, அதை நானும் விடவில்லை. பழைய குழியைக் கிளறியபோது, "நைனா செஞ்ச வேலை, நானும் செய்றேன்" என்று தேவி உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டாள். மண் கையோடு தலையைச் சொறிந்தாள். நான் பாவி, சிரித்துக்கொண்டு பார்த்தேன்.

பத்து நாளில் கீறின இடம் வட்டமாகச் சிவந்தது. "அரிச்சிக்கினே இருக்குதும்மா" என்று ஒரே அழுகை. மருந்துக்கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. ஆகா, ராசியான டியூப் என்று பக்கத்து வீட்டிலெல்லாம் பெருமை பேசினேன். மூன்று வாரத்தில் உச்சந்தலை கொழகொழவென்று வீங்கிச் சீழ் கட்டிவிட்டது. முளைத்த முடியும் கொத்தாகக் கையில் வந்தது.

திருப்பதியில் தோல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மண்ணில் ஒருவகைப் பூஞ்சை உண்டாம். முடி, நகம், கோழி இறகு, இவைதான் அதற்குத் தீனியாம். கீறல் வழியாகச் சிலருக்குத் தோலிலும் பிடித்துக்கொள்ளுமாம். சிவப்பை மறைக்கிற கடை டியூபைப் பூசினால் உள்ளே அது இன்னும் வளருமாம். தழும்பாகிவிட்டால் அந்த இடத்தில் முடியே முளைக்காதாம்.

"ஏம் ராசாரம்மா?" என்று தெலுங்கில் ஆரம்பித்து, "என்ன பூசினீங்க? கொழந்த மண்ணுல வெளையாடுச்சா?" என்று கேட்டார்.

"தேங்கா எண்ணெதாங்க. மண்ணு கிண்ணு ஒண்ணும் இல்லீங்க, எங்க வூட்ல எல்லாம் சிமெண்டுத் தரை."

வாய் கூசாமல் சொன்னேன் மாமா. டியூபைச் சொல்ல வெட்கம். குழியைச் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்ததுபோல் இருந்தது. போய்ச் சேர்ந்தவர் மேல் பழி போடுவதா?

மாத்திரை தொடங்கி மூன்று வாரமாகிறது, வீக்கம் வடியவில்லை. ஏன் வடியவில்லை என்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. தேவி அரிப்பு தாங்காமல் துடிக்கும்போதெல்லாம் அந்த டியூபையே திருட்டுத்தனமாகப் பூசிக்கொண்டிருக்கிறேன். நானெல்லாம் ஒரு தாயா?

இன்று காலை தலை துடைத்துவிட்டபோது தேவி மெதுவாகக் கேட்டாள்: "நைனா கோச்சிக்கினாராம்மா? அவுரு குழியில கால வெச்சதுக்கா?" உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் உங்களைப் பார்த்தே பயப்பட ஆரம்பித்துவிட்டாள்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் திருப்பதி போகிறோம். டியூபை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்து, குழியில் என்ன புதைத்தோம் என்பதையும் சொல்லிவிடுவேன். தேவியைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் சொல்வேன். உன் நைனாவுக்குக் கோபம் இல்லையடி, பொய் சொன்னது உன் அம்மாதான் என்று அவளும் கேட்கட்டும். இது சத்தியம் மாமா.

உங்கள் பெண்டாட்டி,
தேவியின் அம்மா