மார்ச்சில் வெட்டிய புதர்கள்

இவான்கோவோ
9 பிப்ரவரி 1983

யான்யாவுக்கு,

உன் கடிதமும் அரைக் கிலோ காப்பியும் வந்து சேர்ந்தன. காப்பியை உன் அம்மா வாங்கிக்கொண்டாள், கடிதத்தை நான் வாங்கிக்கொண்டேன். நீ கல்யாணம் செய்துகொண்டு கடற்கரைக்குப் போன இந்த ஒன்றேகால் வருஷத்தில் என் பெயர் போட்டு வந்த முதல் கடிதம் இதுதான். இதற்கு முன் வந்ததெல்லாம் அம்மாவுக்கு. அவள் சத்தமாக வாசிப்பாள், நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மறந்துவிட்டேன் என்று நினைப்பாய். இந்த ஊரில் பெண்ணை அவள் வீட்டு வாசலில் வந்துதான் கேட்டு அழைத்துப் போவார்கள். நாங்கள் கதவை அடைத்துக்கொள்வோம். முதலில் பொய் மணப்பெண்ணை வெளியே அனுப்புவோம், அவர்கள் வேண்டாம் என்பார்கள், அதன் பிறகுதான் உண்மைப் பெண் வெளியே வருவாள். உனக்காக என் தம்பி இலியாவைப் பொய்ப் பெண்ணாக ஏற்பாடு செய்திருந்தேன். மீசையை எடுக்க மாட்டேன், முக்காடு மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்றான். அந்த முக்காடு தைத்தபடியே அலமாரியில் கிடக்கிறது. நீயோ அங்கேயே நகரசபையில் கையெழுத்துப் போட்டுவிட்டு எங்களுக்கு ஒரு கார்டு அனுப்பினாய். அதுவும் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் வந்தது. தந்தி என்று ஒன்று இருக்கிறது.

சரி. கோடையில் நிறம் தர என்ன புதர் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். வசந்தத்தில் பூக்க வைக்க யாராலும் முடியும். ஏப்ரலில் சோம்பேறி வீட்டு முற்றம்கூட மஞ்சளாக இருக்கும். ஜூலையில் மண் வெடிக்கும்போது எவன் வாசலில் பூ நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நான் நாலாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போனவன். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முப்பது வருஷம் செடிகளைச் சாகடித்துச் சாகடித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் இதற்குப் பதில் எழுது: சுவர் எந்தத் திசை? மண் என்ன நிறம்? வெயில் எத்தனை மணி வரை? ஏற்கெனவே அங்கே நிற்பது என்ன?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பின்னால் நின்று கத்துகிறாள்: "பொண்ணு செடியையா கேக்குறா? உன்னைக் கேக்குறா, மனுஷா! அதுகூடப் புரியாம சூளைச் செங்கல் மாதிரி உக்காந்திருக்கே." அவள் சொன்னதை எழுதினேன். ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை.

உன் வீட்டு முன்னால் கோடையில் பூ நின்றால் வருவதைப் பற்றிப் பார்க்கலாம். கல்லையும் சிமெண்டையும் பார்க்க நான் ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார மாட்டேன்.

உன் அப்பா
பர்தோல்

*

லொவ்ரான்
20 பிப்ரவரி 1983

அன்புள்ள அப்பா,

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. தந்தி அடித்திருக்க வேண்டும். லிவியோவின் அம்மாவுக்கு மருத்துவர் ஒரு வாரம்தான் கெடு சொன்னார். அந்த அம்மா தான் கண் மூடுவதற்கு முன் எங்கள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு நாளில் எல்லாம் நடந்தது. காரணம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இலியா சித்தப்பாவை முக்காட்டில் பார்க்காதது எனக்கும் நஷ்டம்தான்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வாசல் தெற்கைப் பார்க்கிறது. காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை வெயில். மண் சிவப்பு, ஒரு முழம் தோண்டினால் பாறை. லிவியோ குழி வெட்டப் போய் மண்வெட்டிக் காம்பை முறித்துவிட்டார். "உங்க அப்பாகிட்ட கேளு, இந்தப் பாறைல என்ன முளைக்கும்னு அவருக்குத்தான் தெரியும்" என்று சொன்னார். கடிதம் எழுதச் சொன்னதும் அவர்தான். குளிர்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்று துணிக்கொடியையே பிடுங்கிக்கொண்டு போகிறது.

வீட்டை நாங்கள் அக்டோபரில்தான் வாங்கினோம். பழைய சொந்தக்காரர் வைத்த புதர்கள் மூன்று, கிழக்குச் சுவரின் நிழலில் நிற்கின்றன. இடுப்பளவு உயரம், தடித்த குச்சிகள். நுனியில் பந்து மாதிரி உருண்டையாகப் பழைய பூக்கொத்துகள் பழுப்பாகக் காய்ந்து நிற்கின்றன. ஹைட்ரேஞ்சியாவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை என்ன செய்வது?

இங்கே எல்லா வீட்டிலும் அரளி வைத்திருக்கிறார்கள். நாங்களும் வைக்கட்டுமா?

ஜூலையில் வாருங்கள் அப்பா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடலைப் பார்க்கும் அறை ஒன்று சும்மா கிடக்கிறது.

உங்கள்
யான்யா

*

இவான்கோவோ
1 மார்ச் 1983

யான்யாவுக்கு,

அரளி வேண்டாம். அது பஸ் நிறுத்தத்துக்கு வைக்கிற செடி. உன் வீட்டுக்காரன் பஸ் ஓட்டுகிறவன், வேலையில் பார்ப்பது போதும்.

வாசலில் இரண்டு வேலிச் செம்பருத்தி வை. ஒன்று வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்தது. இன்னொன்று ஊதா. குளிருக்கு இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை ஒரு நாள்கூட ஓயாது. பாறையை உடைத்து இரண்டு முழ ஆழம் குழி வெட்டச் சொல். முறிந்த காம்புக்கு வேறு காம்பு போடத் தெரியுமா அவனுக்கு?

மூலையில் வண்ணத்துப்பூச்சிப் புதர் ஒன்று. நீட்டிக்கொண்டு சாயும், அதனால் நடைபாதை ஓரம் வைக்காதே. படியின் இரண்டு பக்கமும் லாவண்டர். அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடாதே. அவ்வளவுதான். ஒரு முற்றத்தில் ஏழெட்டு வகை வைக்கிறவர்களுக்குக் கண் இல்லை.

அந்த மூன்று பழைய புதர்கள் ஹைட்ரேஞ்சியாதான். என்னிடமும் நான்கு இருக்கின்றன. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளு. பயப்படாதே. புதுக் குருத்தில்தான் பூக்கும். வெட்ட மனம் வராமல் விட்டால் குச்சியும் தூசியும்தான் மிஞ்சும். வெட்டினால் ஜூலையில் கொத்துக் கொத்தாக வரும், என் பேச்சை நம்பு.

செம்பருத்தியும் மற்றதும் என் தோட்டத்தில் வேர் விட்டவை. ஈரச் சாக்கில் சுற்றி ரியேக்கா போகும் ரயிலில் நடத்துனரிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிக்கொள்.

ஜூலையைப் பற்றி: பூத்தால் எழுது. பூத்தால் வருகிறேன். உன் அம்மாவும் அதுவரை காத்திருப்பாள்.

(அம்மா குறுக்கே எழுதுகிறேன் கண்ணே. நான் காத்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை.)

பர்தோல்

*

லொவ்ரான்
10 ஏப்ரல் 1983

அன்புள்ள அப்பா,

ஈஸ்டர் வாழ்த்துகள், தாமதமாக. செடிகள் எல்லாம் பத்திரமாக வந்தன. நன்றி சொல்ல மாட்டேன். செடி கொடுத்தவருக்கு நன்றி சொன்னால் வேர் பிடிக்காது என்று நீங்கள் அடிக்க வருவீர்கள்.

லிவியோ இரண்டு ஞாயிறு பாறை உடைத்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், திங்கட்கிழமை கையில் துணி சுற்றிக்கொண்டுதான் பஸ் ஓட்டினார். ஹைட்ரேஞ்சியா மூன்றையும் நீங்கள் சொன்ன தேதிக்கு முன்பே, சாண் அளந்து வெட்டிவிட்டார். வெட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் புதரையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன?" என்றேன். "ஒன்னுமில்ல, உங்க அப்பா சாண் பெருசா என் சாண் பெருசானு யோசிக்கிறேன்" என்றார்.

ஒரு கவலை. லாவண்டரும் வண்ணத்துப்பூச்சிப் புதரும் துளிர்த்துவிட்டன. செம்பருத்தி இரண்டும் காய்ந்த விறகு மாதிரி நிற்கின்றன. செத்துவிட்டதா?

யான்யா

*

இவான்கோவோ
19 ஏப்ரல் 1983

யான்யாவுக்கு,

சாகவில்லை. அது எல்லோரும் எழுந்த பிறகு எழுந்திருக்கும் சாதி. மே பாதி வரை விறகாகத்தான் இருக்கும். நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார். உள்ளே பச்சை இருந்தால் வாயை மூடிக்கொண்டு காத்திரு. பிடுங்கிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கொப்புளத்துக்குப் பன்றிக் கொழுப்பு தடவச் சொல்.

அம்மா ஜூலைக்கு என்று புது மேலங்கி தைக்கக் கொடுத்திருக்கிறாள். "பூக்கட்டும், முதல்ல பூக்கட்டும்" என்றேன். "உனக்கு வீம்பு மட்டும் பன்னண்டு மாசமும் பூக்குது" என்கிறாள்.

பர்தோல்

*

லொவ்ரான்
4 ஜூலை 1983

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். பொய் எழுதி உங்களை வரவழைக்கலாமா என்றுகூட நினைத்தேன். முடியவில்லை.

செம்பருத்தி உயிரோடு இருக்கிறது. ஆனால் முழங்கால் உயரம்தான், இரண்டிலும் சேர்த்து நாலைந்து மொட்டு. வேர் பிடிக்கவே இந்த வருஷம் போய்விடும் போல. லாவண்டர் கொஞ்சம் பூத்திருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவில் தட்டு அகலத்துக்கு இலைகள், ஆனால் மூன்று புதரிலும் சேர்த்து ஒரு மொட்டு இல்லை. தெரு முழுக்க எல்லார் வீட்டிலும் இளஞ்சிவப்பும் நீலமுமாகத் தலை தலையாகப் பூத்து நிற்கிறது, எங்கள் வீட்டில் மட்டும் கீரைப் பாத்தி மாதிரி இருக்கிறது.

நேற்று பக்கத்து வீட்டு நெரீனா அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "யாருடி இதை மொட்டையடிச்சது?"

"நாங்கதான் அக்கா. மார்ச்ல."

"மார்ச்லயா! அடிப் பாவி, போன வருஷக் குச்சில தானேடி இது பூக்கும்? மொட்டு வர்ற குச்சியெல்லாம் வெட்டி எறிஞ்சிருக்கீங்களே. லிவியோவுக்குத் தெரியுமே! அவன் அம்மா வீட்டு வாசல்ல இதே செடி பதினஞ்சு நின்னுச்சே!"

சாயங்காலம் லிவியோ வந்ததும் கேட்டேன். முதலில் காலணியைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வெட்டுனீங்க?"

"உங்க அப்பா வெட்டச் சொன்னார்."

"தப்புன்னு சொல்லியிருக்கலாமே!"

"ஒன்றரை வருஷம் கழிச்சு மனுஷன் முதல்முறையா இந்த வீட்ல ஒரு வேலை சொல்லியிருக்கார். அதை நான் தப்புன்னு எழுதச் சொல்லணுமா? போ யான்யா. செடி அடுத்த வருஷம் பூக்கும்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. உங்கள்மேல் கோபம் இல்லை அப்பா, சத்தியமாக. ஆனால் நீங்கள் பூத்தால்தான் வருவேன் என்றீர்கள். பூக்கவில்லை. அடுத்த ஜூலை வரை நான் எப்படிப் பொறுப்பேன் என்று தெரியவில்லை.

உங்கள்
யான்யா

*

இவான்கோவோ
9 ஜூலை 1983

மாப்பிள்ளை லிவியோவுக்கு,

இந்தக் கடிதம் உங்களுக்கு. யான்யா படிக்கலாம், ஆனால் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

யான்யாவின் கடிதம் வந்தவுடன் அதைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். என்னுடைய நான்கு ஹைட்ரேஞ்சியாவும் மார்ச்சில் வெட்டியவைதான், மொட்டு விட்டு நிற்கின்றன. நான் சொன்னது சரிதானே என்று உங்கள் மாமியாரிடம் கத்தினேன். அவள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துவந்து, ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "பந்து மாதிரி உருண்டையாக" என்று யான்யா தெளிவாக எழுதியிருக்கிறாள். என் செடியில் கொத்து கூம்பாக வரும், உருண்டையாக வராது. இரண்டும் வேறு வேறு செடி. உங்களுடையது எங்கள் குளிரில் நிற்காது, அதனால் நான் வளர்த்ததில்லை. வளர்க்காததைப் பற்றி உத்தரவு போட்டுவிட்டேன்.

நான் முப்பது வருஷமாகச் செய்வது என் செடிக்குச் சரி. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் செடிக்கு அது தப்பு.

அது இருக்கட்டும். உங்கள்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தெரிந்தவன் சொல்ல வேண்டும். என் பேச்சை இப்படி எழுத்து மாறாமல் கேட்டவர் இந்த உலகத்தில் யாருமில்லை. என் மனைவி கேட்டதில்லை, மகள் கேட்டதில்லை, சூளையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள், அதனால் மூன்று புதர் மொட்டையானது. இனிமேல் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கத்துவேன். கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பூத்தால் வருவேன் என்று சொல்லியிருந்தேன். பூக்காததற்கு நான்தான் காரணம், ஆகவே அந்தப் பேச்சு செல்லாது. சனிக்கிழமை பதினாறாம் தேதி மாலை ரயிலில் ரியேக்காவில் இறங்குகிறோம், இரண்டு பேர். உங்கள் மாமியாரிடம் பெட்டி மூன்று. அவற்றில் இரண்டு தின்பதற்கு. பன்றித் தொத்திறைச்சி வெயிலில் கெட்டுவிடும் என்றேன், கேட்கவில்லை.

உங்கள் அம்மா காலமானபோது நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை அங்கே வந்து சொல்கிறேன், கடிதத்தில் சொல்ல எனக்கு வராது.

இப்போது நான் கேட்பது. அந்தச் செடியை எப்போது வெட்ட வேண்டும்? பூ முடிந்த உடனேயா, குளிர் போன பிறகா? நுனியை மட்டுமா, எந்தக் கணுவுக்கு மேலே? பழைய குச்சியை எத்தனை வருஷம் விட வேண்டும்? பதினைந்து செடி நின்ற வீட்டில் வளர்ந்தவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டு மேசையில் பெண்கள் முன்னால் சொல்ல வேண்டாம். ஞாயிறு காலையில் அவர்கள் கோயிலுக்குப் போனதும் நாம் இரண்டு பேரும் அந்தச் சுவரோரம் போவோம். கத்தரியை நான் கொண்டுவருகிறேன். எங்கே வைக்கக் கூடாது என்று நீங்கள் காட்டுங்கள்.

பர்தோல்