கதவு வைத்த சீட்

அத்தை,

இன்று காலை ரேஷன் கார்டைத் தேடி உங்கள் பீரோவைத் திறந்தேன். பைபிளுக்கு அடியில், விமானத்தில் கொடுத்த அந்தச் சாம்பல் நிறப் பை இருந்தது. காலுறை, கண்ணை மூடிக்கொள்ளும் துணி, சின்ன ட்யூபில் கைக்குத் தடவும் கிரீம். எதையும் நீங்கள் பிரிக்கவே இல்லை. ட்யூபின் மூடியைத் திருகினேன். எலுமிச்சை இலையைக் கசக்கியது போல ஒரு வாசனை. அதற்குப் பிறகு ரேஷன் கார்டு ஞாபகம் போய்விட்டது. திருப்பதி பஸ்ஸும் போய்விட்டது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, உங்கள் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதவராக ஆனீர்கள். மிஷன் ஹாஸ்டலில் முப்பது வருஷம் அண்டா தூக்கிய முதுகு. உங்கள் மகனுக்குத் தடா பக்கம் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சித்தூருக்கு வருவார். மற்ற ஆறு நாளும் நான்தான். காலையில் உங்களைக் குளிப்பாட்டி, இடுப்புக்கு பெல்ட் கட்டி, சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு பஸ் பிடிப்பேன். திருப்பதியில் டிராவல்ஸ் ஆபீசில் நாள் முழுக்க ஊராருக்கு டிக்கெட் போட்டுவிட்டுத் திரும்புவேன். தூக்கத்தின் நடுவே இரண்டு தடவை எழுந்து உங்களைப் புரட்டிப் படுக்க வைப்பேன். அப்படி நாலு வருஷம். குறையாகச் சொல்லவில்லை, அத்தை. களைப்பைத்தான் சொல்கிறேன்.

அப்போதுதான் பாஸ்டனிலிருந்து எஸ்தர் போன் செய்தாள். மார்பில் கட்டி. மூன்று வாரத்தில் ஆபரேஷன். "அம்மா பக்கத்துல இருந்தா போதும் அண்ணி" என்று உங்கள் மகள் அழுதபோது, போனை என் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள்.

"நான் வரேன்டி. அழாத."

படுத்துக்கொண்டு போவதானால் போகலாம், இல்லையென்றால் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் பிசினஸ் கிளாஸ்தான். உங்களைப் பார்த்துக்கொள்ள நானும் கூட வரவேண்டும் என்றும், இரண்டு டிக்கெட்டையும் தானே எடுத்துத் தருவதாகவும் எஸ்தர் சொன்னாள். "நல்லதாப் பார்த்து புக் பண்ணுங்க அண்ணி, அது உங்க வேலதானே" என்றாள்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா மெத்த? உக்காந்துக்கினே போவேன்" என்றீர்கள் நீங்கள்.

"அரை மணி நேரம் உக்கார முடியல, அத்தை. அவ்ளோ தூரம் எப்பிடி?"

"அவளப் பாக்கணும். அவ்ளோதான்."

பத்து வருஷமாக யார் யாருக்கோ பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டிருக்கிறேன். நான் அதில் உட்கார்ந்ததில்லை. சென்னையிலிருந்து லண்டன் வரைக்கும் யோசிக்க ஒன்றுமில்லை. நமக்கு ஒத்துவந்தது ஒரே விமானம்தான். அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்ட மூன்று கம்பெனிகள் இருந்தன. ஒன்றில் படுக்கை கால் பக்கமாகச் சரிந்து இறங்கும். உங்கள் முதுகுக்கு ஆகாது என்று முதல் நாளே தள்ளிவிட்டேன். இன்னொன்றில் நடு வரிசையில் இரண்டு சீட்டும் ஒட்டி இருக்கும். நடுத் தடுப்பை இறக்கினால் கை நீட்டி உங்களைத் தொடலாம். மூன்றாவதில் ஒவ்வொரு சீட்டும் ஒரு சின்ன அறை மாதிரி. ஜன்னலோரம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கதவு. இழுத்து மூடிவிட்டால் யாருக்கும் யாரும் தெரியாது.

மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். சக்கர நாற்காலி, சாப்பாடு, லண்டனில் காத்திருக்கும் நேரம். இரண்டு படத்தையும் போனில் உங்களுக்குக் காட்டினேன். "உனுக்கு எது தோதோ அதப் போடு" என்றீர்கள்.

ஒரு வாரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இந்த்த ஆலோசன எந்துக்கம்மா?" என்று முதலாளி கேட்டார். இவ்வளவு யோசனை எதற்கு என்று நானும்தான் என்னைக் கேட்டுக்கொண்டேன். உண்மையில் நான் யோசிக்கவில்லை. அந்தக் கதவின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணி நேரம் அதற்குப் பின்னால் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருக்கலாம். அதையே போட்டேன். "இதுல படுக்கை அகலம்" என்று உங்களிடமும் எஸ்தரிடமும் சொன்னேன். இரண்டு விரல் அகலம் கூடுதல்தான், பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவல்ல.

லண்டன் வரை அருகருகே போனோம். வழியெல்லாம் உங்களைப் புரட்டிப் படுக்க வைத்தேன், கழிப்பறைக்குக் கூட்டிப்போனேன். லண்டனில் மதிய விமானம் ஏறினோம். உங்களை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, பொத்தான்களைக் காட்டினேன்.

"இத அமுக்கினா அவங்களே வந்து படுக்கையா மாத்தித் தருவாங்க. ஏதாவது வேணும்னா என்னையும் கூப்பிடுங்க."

"நீ போய்ப் படும்மா" என்றீர்கள்.

கதவை மூடினேன். ஜன்னலில் மேகத்தின் மேல் வெயில். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணமானதிலிருந்து அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதில்லை.

இறங்கப்போகிறோம் என்ற அறிவிப்பில்தான் விழித்தேன். எழுந்து வந்து பார்த்தால், நீங்கள் நேராக உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு கையையும் சீட்டின் ஓரத்தில் ஊன்றி, உடம்பை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி. நெற்றியெல்லாம் வியர்வை. பணிப்பெண் ஓடிவந்து சொன்னாள்: சீட்டின் மோட்டார் வேலை செய்யவில்லை, எவ்வளவு முயன்றும் அது சாயவே இல்லை, வேறு இடமும் காலி இல்லை. மருமகளை எழுப்பி இடம் மாற்றித் தருகிறோம் என்று உங்களிடம் மூன்று தடவை கேட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டீர்களாம். ஹாஸ்டல் இங்கிலீஷில் நீங்கள் அவளிடம் சொன்னது, 'அவள் நாலு வருஷமாகத் தூங்கவில்லை' என்பது மட்டும்தானாம்.

"ஏன் அத்தை எழுப்பல?"

"அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வந்து ஒருதரம் கதவத் தொறந்து பாத்தேன். வாயப் பொளந்துக்கினு கொழந்த மாரி தூங்கற. எப்பிடி எழுப்புவேன்?"

"முதுகு?"

"அது எப்பவும் வலிக்கறதுதான்."

உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கித்தான் நாற்காலியில் வைத்தார்கள். நான் பைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பாஸ்டன் விமான நிலையத்தின் அந்த நீளமான நடைபாதையில் என்னால் அழாமல் வர முடியவில்லை.

மூன்று நாள் படுக்கையில் கிடந்தீர்கள். நாலாம் நாள் எஸ்தரின் ஆபரேஷனுக்கு, வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது உங்கள் கை அவள் தலைமேல் இருந்தது.

எஸ்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம், அவள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். விமானக் கம்பெனிமேல் எஸ்தருக்கு ஆறாத கோபம். "இதவிட நல்லது எதுவுமே இல்லையா அண்ணி?" என்று கேட்டாள். நான் குழாயை மூடாமல் நின்றேன். சோபாவில் படுத்திருந்த நீங்கள் சொன்னீர்கள்:

"இருந்துச்சி. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல படுக்கற சீட்டு. எனக்குப் படம் காட்டினா. நானா இருந்தாலும் கதவு இருக்கறதத்தான் எடுத்திருப்பேன்."

எஸ்தருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. திரும்பும்போது நடு வரிசையில் அருகருகே போட்டேன். தடுப்பை இறக்கிவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீங்கள் குறட்டை விட்டுத் தூங்கினீர்கள்.

எஸ்தர் இப்போது நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இப்போது யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. களைப்பு அப்படியேதான் இருக்கிறது.

நான் செய்தது தப்பா என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. சீட்டின் ஓரத்தில் ஊன்றிய உங்கள் கைகள் அடிக்கடி கண்ணில் வரும். அதோடு இன்னொன்றும் வரும். யாருக்கும் தெரியாமல் நான் மறைத்து வைத்திருந்த ஒரு அலுப்பை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்தும் என்மேல் கோபப்படவில்லை. என்னை அப்படிப் பார்த்தவர் என் வாழ்க்கையில் நீங்கள் ஒருவர்தான், அத்தை.