அயர்லாந்தின் மற்றப் பாதி

இன்று பின்னேரம் வெக்ஸ்போர்ட் பாடசாலை மண்டபத்தில் தமிழ்ச் சங்கத் தலைவர் மைக்கை வாயருகே பிடித்து, "பூ, பூ" என்று ஊதினார். உனக்கு அஞ்சலி என்று அறிவித்திருந்ததால்தான் போனேன்.

நாம் இருவரும் ஒரே பேக்கரியில் பாண் பொதி செய்த காலம் நினைவிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வரலாறு படிப்பித்தவள் நீ. இங்கே தலைக்கு வலை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நின்றாய். வேலை முடிந்தால் நூலகம். நீ ஒருநாளும் கண்ணால் காணாத இடைக்கால அயர்லாந்து உன்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டதென்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சனிக்கிழமைகளில் சங்கத்தின் தமிழ் வகுப்பு எடுத்தாய். அந்த ஒரு நாள்தான் உன் முகம் வெளிச்சமாக இருக்கும்.

ஆண்டு விழாவில் உன்னைப் பேசக் கேட்டார்கள். அயர்லாந்தைப் பிடித்த ஆங்கிலேயரின் பேரப்பிள்ளைகள் ஐரிஷ் மொழி பேசத் தொடங்கியதைச் சொன்னாய். அந்த மொழியும் உடையும் கலியாணமும் கூடாதென்று சட்டம் போட்டும், அரசனின் பிரதிநிதியாக இருந்த பிரபுவே ஐரிஷில் கவிதை எழுதியதைச் சொன்னாய். கடைசியில் ஆங்கில ஆட்சி டப்ளினைச் சுற்றிய ஒரு துண்டு நிலமாகச் சுருங்கியது என்றபோது மண்டபமே கை தட்டியது.

நீ நிறுத்தவில்லை. "கதை இதோடை முடியேல்லை" என்றாய். எழும்பி வந்த ஐரிஷ் தலைவர்கள் பதவிக்காகச் சொந்தச் சகோதரர்களையே கொன்றார்கள்; கூலிப்படைக்குச் சோறு போடும்படி தங்கள் குடியானவர்களையே வருத்தினார்கள்; விடுதலை தருகிறேன் என்று படையோடு வந்த ஸ்காட்லாந்து அரசனின் தம்பி பஞ்சத்திலும் ஊர்களை எரித்தான்; அவன் செத்தபோது ஐரிஷ்காரரே மகிழ்ந்து எழுதிவைத்தார்கள். இவ்வளவும்தான் நீ சொன்னது. தலைவர் வந்து மைக்கைப் பறித்தார்.

"தங்கச்சி, எங்கடை போராட்டத்தைக் குத்திக்காட்டுறமாதிரி உதுகளை இஞ்சை ஏன் கதைக்கிறீர்?"

"நடந்ததைத்தானே அண்ணை சொல்லுறன்."

பின்னால் ரோல்ஸ் பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். அன்று எங்களை ஏற்றிப்போக ஒரு காரிலும் இடமிருக்கவில்லை. பஸ்ஸுக்காகப் பனியில் நின்றபோது நீ சொன்னாய்: "கை தட்டினதை நினைக்கத்தானடி எனக்கு அருவருப்பாக் கிடக்கு."

மன்னிப்புக் கேட்டால் வகுப்பைத் தொடரலாம் என்று ஆள் அனுப்பினார்கள். "ஆரிட்டைக் கேக்கிறது? செத்துப்போன ஐரிஷ் சனத்திட்டையோ?" என்று திருப்பி அனுப்பினாய். வகுப்பு போனது. பிள்ளைகள் உன்னைக் கடைத்தெருவில் கண்டு ஓடி வர, தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிறகு நீ பக்கத்து நகரான அஜக்ஸில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாய். அங்கேதான் நோய் வந்தது. இலையுதிர் காலத்தில் உன்னை எரித்தோம். சங்கத்திலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை.

அன்று உன்னிடம் மைக்கைப் பறித்த அந்த மனிதர்தான் இன்று குரல் தழுதழுக்கப் பேசினார். "இங்கிலீசுக்காரன் எப்பிடி விழுந்தவன் எண்டு எங்களுக்குப் படிப்பிச்ச சகோதரி." கை தட்டல்.

நான் எழுந்தேன். "அண்ணை, அவ சொன்ன மற்றப் பாதியையும் சொல்லுங்கோ."

"செத்த ஆளுக்கு மரியாதை குடுக்கிற நேரத்திலை உதென்ன கதை?"

மைக் இல்லாமலே சொல்லத் தொடங்கினேன். கதை அந்தப் பஞ்சத்துக்கு வந்ததும் பாட்டைப் போட்டுவிட்டார்கள். வாசலில் தலைவர் சிரித்தபடி கை நீட்டினார். நான் என் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மா பின்னால் வந்தா. "பிள்ளை, அண்டைக்கு நானும் கை தட்டின ஆள். அந்தப் பஞ்சத்திலை சனம் என்ன செய்தது?"

கேள்வியைக் கேட்டுவிட்டு மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தா. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நீ வாசித்துச் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் என்னிடம் இருந்தது. அவவை என் காருக்குள் ஏற்றி, ஹீட்டரைப் போட்டு, முதலிலிருந்து சொன்னேன்.