இரண்டு குடும்பம் என்று கையெழுத்திட்டேன்

மார்ச் 2, திங்கள்
காலையிலேயே மழை. வீட்டுப் பக்கம், தோ பாயோவில் பஸ் ஏறுவதற்குள் செருப்பெல்லாம் நனைந்துவிட்டது. மரபணு ஆய்வகத்தில் வழக்கமான குளிர்.

செய்ய வேண்டியவை: தேவியின் அறிக்கை. இட்லி மாவு. அம்மாவுக்கு போன்.

தேவி, 34. மார்பகப் புற்று, சிகிச்சை முடிந்தது. மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நோய்க்கு அதுதான் காரணமா, சும்மா இருக்கிறதா, உறுதியில்லை. காரணம் என்று நாங்கள் எழுதினால், அங்கேயும் புற்று வரலாம் என்று சினைப்பைகளை எடுத்துவிடச் சொல்வார்கள். அவளுக்குக் குழந்தை வேண்டும். வெள்ளிக்கிழமை முடிவு.

அதே மாற்றம், அதே நோய், இன்னொரு குடும்பத்திலும்: சரோஜா, 67, வேறு மருத்துவமனை. "தொடர்பில்லாத இரு குடும்பங்கள்" என்று போன வாரம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இரண்டு குடும்பத்தில் தற்செயலாக வராது; 'காரணம்' பக்கம்தான் சாய்கிறது.

மார்ச் 3, செவ்வாய்
வெயில். மதியம் லிட்டில் இந்தியா, வாழையிலைச் சாப்பாடு. ரசம் இரண்டு தடவை. பிற்பகல் முழுக்கத் தூக்கம், கண்ணைத் திறந்தபடி.

மாவு வாங்க மறந்தேன்.

மார்ச் 4, புதன்
நோயாளிகளிடம் பேசுவது ஃபராவின் வேலை. தேவியோடு ஒரு ஆன்ட்டி வந்திருக்கிறார், ஆங்கிலம் வராது, கீழே வந்து தமிழில் விளக்க முடியுமா என்றாள். மரியாதைக்கு ஆன்ட்டி என்றுதான் முதலில் நினைத்தாளாம். இந்த ஊரில் யார்தான் ஆன்ட்டி இல்லை! ஆனால் தேவி அவரை 'அத்தை' என்கிறாளே, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

அப்பாவின் அக்கா அல்லது தங்கை என்றேன். சொல்லிவிட்டு லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

கீழே போனதும் அந்த அம்மாள் ஆரம்பித்துவிட்டார். "எனக்கும் இதே டெஸ்ட் எடுத்தாங்கம்மா, வேற ஆஸ்பத்திரியில. சரோஜா கோவிந்தன்னு போட்டுப் பாருங்க."

தேவி வேலு. சரோஜா கோவிந்தன். வேலு, கோவிந்தனின் மகன், சரோஜாவின் அண்ணனாம். தேவியின் படிவத்தில் 'ஆன்ட்டி, மார்பகப் புற்று' என்று மட்டும், பெயரில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பது வேறானால் வேறு குடும்பம் என்று கணினி பிரித்தது. சீனர்களுக்குச் சரி. நம் பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பா பெயர் அல்லவா? கணினிக்கு அது தெரியாது. எனக்குமா? இங்கே எல்லோரும் என்னை மிஸ் சுப்பையா என்கிறார்கள். சுப்பையா என் அப்பா. பதினோரு வருஷமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

வெட்கம். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 5, வியாழன்
எங்கள் தலைவி மெய் லிங்கிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், நல்லவேளை வெள்ளிக்கு முன்னால் சொன்னாய் என்றாள். அத்தையிடம் இருக்கும் எழுத்து அண்ணன் மகளிடமும் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த ஒரு சாட்சியை வைத்துக் 'காரணம்' என்று எழுத முடியாது.

இனி படிவத்தில் தாத்தா பெயரும் கேட்க வேண்டும். பழைய கோப்புகள் எல்லாம் மறுபடி. தலை வலி, ஆனால் மனசு லேசு.

மாவு வாங்கிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி
மேகம், மழையில்லை. கூட்டம் இருபது நிமிஷம். அறிக்கை: மாற்றத்தின் பொருள் உறுதியில்லை. அந்த வரியை இவ்வளவு சந்தோஷமாக எழுதியதே இல்லை.

ஃபராவோடு நானும் போனேன். தப்பு என்னுடையது என்று தேவியிடம் நேராகவே சொன்னேன். வருஷா வருஷம் பரிசோதனைக்கு வர வேண்டும், மீதியை டாக்டரிடம் கேளுங்கள், ஆனால் இந்த எழுத்தை நம்பி யாரும் எதையும் எடுக்க மாட்டார்கள். தேவி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"அத்தை இப்பவே பேர் யோசிக்கிறாங்க லா. பிள்ளை பேருக்குப் பின்னாடி என் வீட்டுக்காரர் பேருதான் வரும். மறுபடியும் வேற குடும்பம்னு எழுதிடாதீங்க."